இரண்டு படுக்கைகள்

2025 ஆகஸ்டில், என் மகளை அவளது புதிய குடியிருப்பில் விட்டுவர டாலஸிலிருந்து ஆஸ்டினுக்குச் சென்றிருந்தேன். டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் அவளுக்கு இரண்டாம் ஆண்டு. முதலாண்டு வளாக விடுதியில் இருந்தாள். இவ்வாண்டு வெளியே தனியார் அடுக்ககத்தில் மூன்று தோழிகளுடன் இடம் பிடித்திருந்தாள். பெட்டிகளோடு பதினோராம் மாடிக்கு ஏறி, அறைக்கதவைத் திறந்ததும் என் கை தானாகவே சுவரில் விளக்கின் விசையைத் தேடியது. பிற்பகல் இரண்டு மணி. வெளியே கொளுத்தும் வெயில். உள்ளே நள்ளிரவு.

"ஜன்னல் இல்லியாம்மா?"

"இல்லப்பா. அதனாலதான் மாசம் நூத்தம்பது டாலர் கம்மி. பகலெல்லாம் கேம்பஸ்லதான இருக்கப் போறேன்?"

நான் மறுமொழி சொல்லவில்லை. அந்த அறையின் நீள அகலம் எனக்கு அளக்காமலே தெரியும். பத்தடிக்கு ஒன்பதரையடி. அந்தக் கட்டடத்தை வரைந்தவன் நான் அல்லன். ஆனால் அந்த அறையை வரைந்திருக்கிறேன், பலமுறை.

அதே பல்கலைக்கழகத்துக்கு நான் கட்டடக்கலை பயில வந்தது 2003-இல். ஐம்பதாயிரம் மாணவர்கள் பயிலும் இடம் அது. வளாக விடுதிகளில் ஐந்தில் ஒருவருக்குக்கூட இடமிராது. நாங்கள் நால்வர் ஆற்றுக்குத் தெற்கே ரிவர்சைடு பகுதியில் ஒரு பழைய வீட்டைப் பகிர்ந்துகொண்டு, பல்கலைக்கழகப் பேருந்தில் போய்வந்தோம். கடைசிப் பேருந்தைத் தவறவிட்ட இரவுகளில் நூலகத்திலேயே உறங்கியதுண்டு. வளாகத்தின் மேற்கு எல்லையான குவாடலூப் தெருவைத் தாண்டினால் வெஸ்ட் கேம்பஸ். அன்று அங்கே பெரும்பாலும் பழைய மரவீடுகளும் இரண்டு மூன்று மாடிக் குடியிருப்புகளும்தான். நடந்தே வகுப்புக்குச் செல்லக்கூடிய அந்தத் தெருக்களில் ஏன் இத்தனை குறைவானவர்கள் வாழ்கிறார்கள் என்று நாங்கள் வியந்ததுண்டு.

விடை நிலப்பயன்பாட்டு விதிகளில் இருந்தது. 2004-இல் ஆஸ்டின் நகரமன்றம் அவ்விதிகளை அப்பகுதிக்கு மட்டும் தளர்த்தியது. தனியார் உயர்ந்த கட்டடங்களைக் கட்டிக்கொள்ளலாம். பதிலுக்கு நடைபாதையை அகலப்படுத்தி மரம் நட வேண்டும். குறைந்த வருமானம் உள்ளவர்களுக்குச் சலுகை வாடகையில் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும், அல்லது அதற்கீடாகப் பணம் கட்ட வேண்டும். பல்கலைக்கழகம் ஒரு காசு செலவிடாமல், சில ஆண்டுகளில் பல்லாயிரம் மாணவர்கள் வகுப்புக்கு நடந்து செல்லும் தொலைவில் குடியேறினர். இன்றும் அதை ஒரு நல்ல முடிவென்றே கருதுகிறேன். பேருந்துக்குக் காத்து நின்றவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

பட்டம் பெற்று வேலைக்குச் சேர்ந்த பின்னர் இத்தகைய கட்டடங்களை வரைபவனாக ஆனேன். இத்தொழிலில் முதலில் கற்ற சொல் 'படுக்கை'. மற்ற அடுக்ககங்களை வீடுகளின் எண்ணிக்கையால் சொல்வார்கள். மாணவர் குடியிருப்பை, மருத்துவமனையைப் போல, படுக்கைகளின் எண்ணிக்கையால் சொல்வார்கள். ஒப்பந்தமும் படுக்கைக்குத்தான். நால்வர் ஒரு வீட்டில் இருந்தாலும் நால்வருக்கும் தனித்தனி ஒப்பந்தம், அவரவர் பெற்றோரின் உத்தரவாதம். ஒருவன் படிப்பை விட்டுப் போனால் மற்ற மூவர் அவன் வாடகையைச் சுமக்க வேண்டியதில்லை. மாணவனுக்கு இது பாதுகாப்பு. கட்டுபவருக்கோ, ஒரே வீட்டிலிருந்து நான்கு வாடகை.

ஆகவே ஒவ்வொரு மாடியிலும் எத்தனை படுக்கைகள் கொள்ளும் என்பதே வரைபவன் முன்னுள்ள கேள்வி. நடுவே நீண்ட தாழ்வாரம், இருபுறமும் ஆழமான வீடுகள். வெளிச்சுவரின் நீளமோ குறைவு. அதில் கூடத்துக்கு ஒரு ஜன்னல், இரண்டு அறைகளுக்கு இரண்டு. மீதி இரண்டு அறைகள் உள்ளே, தாழ்வாரத்தை ஒட்டி. தீப்பிடித்தால் தப்பிக்கப் படுக்கையறைக்கு ஜன்னல் வேண்டும் என்ற விதி, கட்டடம் முழுதும் தானியங்கித் தண்ணீர்த் தெளிப்பான்கள் இருந்தால் பொருந்தாது. இயற்கை ஒளிக்குப் பதில் மின்விளக்கும், காற்றுக்குப் பதில் இயந்திரமும் போதும் என்று விதிநூல் சொல்கிறது. நான் வரைந்தவற்றில் ஒரு கோடுகூடச் சட்டத்துக்குப் புறம்பானதல்ல.

என் தாத்தாவின் வீடு கும்பகோணத்தில். இருபக்கச் சுவர்களும் அண்டை வீட்டாருடன் பொது. தெருவாசலிலிருந்து கொல்லை வரை குகைபோல நீளும் அவ்வீட்டின் நடுவே முற்றம் இருந்தது. மழை உள்ளே பெய்யும். நிலவு உள்ளே வரும். பக்கச்சுவரில் ஜன்னல் வைக்க முடியாத ஆழமான வீட்டுக்கு ஒளியைக் கொண்டுவர, பெயரறியாத கொத்தனார்கள் கண்டடைந்த வழி அது. 2013-இல் பதினான்கு மாடித் திட்டம் ஒன்றில் நானும் அதையே செய்துபார்த்தேன். நடுவில் ஒரு சிறிய ஒளிமுற்றம். மாடிக்கு ஆறு உள்ளறைகளுக்கு ஜன்னல் கிடைத்தது. மாடிக்கு இரண்டு படுக்கைகள் போயின.

கூட்டத்தில் கட்டுநரின் பிரதிநிதி கணிப்பொறியில் தட்டினார். இருபத்தெட்டுப் படுக்கைகள், மாதம் தொள்ளாயிரம் டாலர். ஆண்டுக்கு மூன்று லட்சத்துக்கு மேல். கோபப்படவில்லை. "அழகான யோசனை" என்றார் புன்னகையுடன். நான் மறுநாள் முற்றத்தை அழித்துவிட்டேன். எவரும் என்னை வற்புறுத்தவில்லை. அன்று என் மகளுக்கு ஏழு வயது.

ஜன்னலுக்கான வழக்கு புதிதல்ல. நியூயார்க்கின் இருண்ட அடுக்குக் குடியிருப்புகளைக் கண்டு மனம் பொறாதவர்கள் போராடி, 1901-இலேயே அங்கே ஒவ்வோர் அறைக்கும் வெளிப்பக்க ஜன்னல் வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின், சான்டா பார்பராவில் 4,500 மாணவர்களுக்கான விடுதியைப் பெரும்பாலும் ஜன்னலற்ற அறைகளாகவே அமைக்கச் செல்வந்தர் சார்லி மங்கர் திட்டம் தந்தார். அதை எதிர்த்துப் பல்கலைக்கழகத்தின் ஆலோசனைக் குழுவிலிருந்து 2021-இல் ஒரு கட்டடக் கலைஞர் விலகினார். திட்டம் 2023-இல் கைவிடப்பட்டது. அவருடைய விலகல் கடிதத்தைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஒருவர் 'மாட்டேன்' என்று சொல்லியிருக்கிறார்! சொல்லக்கூடிய ஒன்றுதான் அது.

2024-இல் ஆஸ்டின் நகரமன்றம் புதிய கட்டடங்களில் ஜன்னலற்ற படுக்கையறைகளைத் தடைசெய்தது. முன்னரே எழுந்துவிட்ட கட்டடங்களை அது தொடாது. அவற்றில் ஒன்றில்தான் என் மகள் இருக்கிறாள்.

அக்டோபரில் ஒருநாள் தொலைபேசியில் சொன்னாள். "கண்ண முழிச்சா மணி மூணா ஏழான்னே தெரியலப்பா. வெளிய மழை பெய்யுதான்னு ஃபோன்லதான் பாக்கறேன். சூரிய உதயம் மாதிரி மெல்ல எரியற விளக்கு ஒண்ணு வாங்கியிருக்கேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு, "இந்த மாதிரி ரூமெல்லாம் யாருப்பா வரையறாங்க?" என்றாள்.

அவளுக்கு என் தொழில் தெரியும். ஆனால் அந்தக் கேள்வியில் குத்தல் இல்லை. உண்மையாகவே அறியாமல்தான் கேட்டாள். நான் சொன்னேன். 2013-இன் அந்தக் கூட்டம், முற்றம், இருபத்தெட்டுப் படுக்கைகள், எல்லாவற்றையும். நீண்ட நேரம் பேச்சில்லை.

"நீங்க ஒருவாட்டி கேட்டிருக்கீங்கள்ல" என்றாள் கடைசியில்.

"ஒருவாட்டிதாம்மா கேட்டேன்."

அவள் என்னைத் தேற்ற முயன்றாள் என்பதே எனக்குத் தாளவில்லை. இப்போது என் மேசைமேல் இன்னொரு மாணவர் குடியிருப்பின் வரைபடம் கிடக்கிறது. அறைகள் முன்னைவிடக் குறுகல். வாடகை கூடுதலாக இருக்கும் என்கிறார்கள். ஆனால் நடுவே முற்றம் இருக்கிறது. அதை வைத்தது என் மனசாட்சி அல்ல, சட்டம். வேறு ஊரில், இச்சட்டம் இல்லாத இடத்தில், அடுத்த திட்டம் வரும். யாரோ கணிப்பொறியைத் தட்டுவார்கள். அப்போது இரண்டாம் முறை கேட்பேனா என்பதுதான் எனக்கு முன் உள்ள கேள்வி.