அப்பாவின் காரும் அந்நிய எஞ்சினும்

அப்பாவின் மொறிஸ் மைனருக்குப் பெரிய எஞ்சின் பூட்டப்போவதாகத் தம்பி அறிவித்த அன்று நான் அவனோடு பேசவில்லை. செய்தி எழுதிப் பிழைத்த எனக்கு இயந்திர ஞானம் குறைவு. ஆனால், அந்த எஞ்சினை எனக்குத் தெரியும்.

1955 ஆம் ஆண்டுக் கார் அது. முன்கண்ணாடி இரண்டு துண்டு. எஞ்சின் 803 சீசீ, 30 குதிரைவலு. 1958 இல் அப்பா அதைப் பழைய காராகவே வாங்கினார். முந்தைய வருடந்தான் வாகன இலக்கத்தகடுகளில் சிங்கள ஸ்ரீ புகுத்தப்பட்டு, வடக்கில் எதிர்ப்பு மூண்டிருந்தது. அதனால் ஆங்கில எழுத்துத் தகடுள்ள காராகத் தேடி வாங்கினார் என்பது அம்மா சொல்லும் கதை. விலை மலிவு என்பதும் காரணமாக இருந்திருக்கலாம்.

1990 இல் போர் மீண்டும் தொடங்கிப் பெற்றோல் தடைப்பட்டதும் குடாநாட்டுக் கார்கள் மண்ணெண்ணெய்க்கு மாறின. காபறேற்றரில் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து, எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறக்கவேண்டும். பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு என்பதால் அவை ஒருவாறு ஓடின. ஆயினும் முழுதாக ஆவியாகாத மண்ணெண்ணெய், சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும், அடியிலுள்ள ஒயில் தண்ணீராகும், பேரிங்குகள் தேயும். ஒயில் மாற்றிய திகதிகளை அப்பா ஒரு கொப்பியில் எழுதிவந்தார். 1993 ஆம் ஆண்டுப் பக்கங்கள், ஆஸ்பத்திரியில் கட்டில் காலடியில் தொங்கும் காய்ச்சல் அட்டையைப் போலிருக்கும்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. அப்பாச்சியையும் இரண்டு சூட்கேசுகளையும் ஏற்றிக்கொண்டு நாங்களும் புறப்பட்டோம். நாவற்குழிப் பாலத்தை அடையும் முன்பே றேடியேற்றர் கொதித்துவிட்டது. மழை வேறு. அப்பா எஞ்சினை நிறுத்தினார். நானும் தம்பியும் தள்ளினோம். முன்பின் அறியாத இருவரும் சேர்ந்து தள்ளினார்கள். அவர்களுடைய முகங்களை இருட்டில் நான் பார்க்கவில்லை.

பாலத்தைக் கடத்திவிட்ட எஞ்சினைக் கழற்றுவதா என்று தம்பியிடம் கேட்டேன்.

"அண்ணை, அண்டைக்குத் தள்ளினது நாங்களெல்லோ! எஞ்சின் ஓடேல்லையே" என்றான்.

அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. சிலிண்டரைக் கடைந்து பெருப்பிக்கவும் இனி இடமில்லை. தொழிற்சாலையே இதைச் செய்ததுதானே என்று வேறு வாதாடினான். 1948 இல் 918 சீசீயுடன் வந்த மொறிஸ் மைனர், 1952 இல் 803 க்கு இறங்கி, 1956 இல் 948 ஆகி, 1962 இல் 1098 ஐ எட்டியது. வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், சிலிண்டர்கள் இருபுறமும் படுத்திருக்கும் அகலமான எஞ்சினையே முதலில் எண்ணியிருந்தார். அந்த எஞ்சின் வரவில்லை. பொனற்றின்கீழ் அதற்கு விட்ட இடம் மட்டும் மிஞ்சியது.

எங்களுக்கு அகப்பட்டது டட்சன் 1200 இன் எஞ்சின். 1171 சீசீ, கியர்பெட்டியும் சேர்த்து. 1952 இல் ஒஸ்ரினோடு ஒப்பந்தம் செய்து ஒஸ்ரின் கார்களைப் பொருத்திப் பழகிய நிறுவனந்தான் நிசான். ஆகவே அந்நியம் என்று சொல்வதற்கில்லை, ஒன்றுவிட்ட உறவு என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

வேலை எங்கள் முற்றத்திலேயே நடந்தது. மாமரக் கிளையில் சங்கிலி போடக் கராச் அண்ணை சம்மதிக்கவில்லை. இரும்புக் குழாய்களால் முக்காலி நிறுத்தினார். கழற்றுவது ஒரு முற்பகலில் முடிந்துவிட்டது. பூட்டுவதற்கோ ஏழு வாரங்கள். கியர்பெட்டிக்காகத் தரைத்தகட்டை வெட்ட வேண்டியிருந்தது. பின்னச்சுக்குச் செல்லும் தண்டின் நீளத்தைத் திருத்த லேத்துக்கு இருமுறை போனோம். இவை எல்லாவற்றுக்கும் முன்னர் அவர் எங்களை இருத்திவைத்துச் சொன்னார்:

"ஓட வைக்கிறது பெரிய காரியமில்லைத் தம்பிமார். முதல்ல நிக்கிற வழியைப் பாருங்கோ."

30 குதிரைவலுவுக்கென அமைந்த முன்பிறேக்கின் டிரம் ஏழு அங்குலம். 1098 எஞ்சினைப் போட்டபோது தொழிற்சாலை அதை எட்டு அங்குலமாக்கியது. பழைய பின்னச்சின் பல்விகிதமும் சிறிய எஞ்சினுக்கானது. அதை வைத்துக்கொண்டால் புதியது கத்துமேயொழிய வேகம் வராது. கழித்து ஒதுக்கிய ஒரு 1098 காரிலிருந்து இரண்டும் கிடைத்தன. பெரிய எஞ்சினை வாங்கிப் பூட்டிவிட்டுப் பிறேக்கை மறந்துவிடுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எஞ்சின் இலக்கத்தை மாற்றிப் பதிந்த பின்னரே வீதியில் எடுத்தோம். அம்மா பின்னிருக்கையில். சாவகச்சேரி பார்த்துப் போனோம். பாலம் வந்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அது பின்னால் போய்விட்டது.

பழைய எஞ்சின் கொட்டிலில் சாக்கு மூடிக் கிடக்கிறது. பழைய இரும்பு வாங்குகிறவர் இருமுறை வந்து கேட்டார். இரண்டாவது முறை நானே கொடுத்துவிடலாம் என்றேன். தம்பி விடவில்லை.