காலியரிக் கடற்கரைகளில் சிறந்தது எது?

கடற்கரையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் மணலின் வெண்மையையும் நீரின் நீலத்தையும் புகழ்ந்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆங்கிலத்தில் வெளிவரும் பிரயாண நூல்களோ இன்னும் ஒரு படி மேலே சென்று, முதலாவது இது, இரண்டாவது அது என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிப்பெண் இடுவதுபோலக் கரைகளுக்கு வரிசை எண் இடுகின்றன. அவ்வரிசையை வகுத்தவர் எந்த அளவுகோலால் அளந்தார் என்று நாம் கேட்பதில்லை. கேட்கவேண்டும் என்பதே நமது எண்ணம். அங்கே யார் யார் போக முடியும், போனவர் எங்கே அமர முடியும், அந்த மணல் நம் பிள்ளைகள் காலத்திலும் அங்கே இருக்குமா என்னும் மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால், அச்சிட்ட வரிசை தலைகீழாகிவிடும். மத்தியதரைக் கடலில் உள்ள சார்டினியாத் தீவின் தலைநகராகிய காலியரியில் ஒன்பது நாட்கள் தங்கி, நம்மால் இயன்ற கரைகளைச் சுற்றிப் பார்த்தபோது இவ்வெண்ணம் நமக்கு உறுதியாயிற்று.

சார்டினியா இத்தாலி தேசத்தைச் சேர்ந்தது. அக்கடலில் சிசிலிக்கு அடுத்த பெரிய தீவு. அதன் பரப்பு ஏறக்குறைய 24,000 சதுரக் கிலோமீட்டர். கடலோரத்தின் நீளமோ 1,800 கிலோமீட்டருக்கு மேற்பட்டது. தெற்கே, தேவதூதர் வளைகுடா என்று பெயர்பெற்ற கடலின் ஓரத்தில், சுண்ணாம்புக்கல் குன்றின்மேல் காலியரி அமைந்திருக்கிறது. பினீசிய வணிகரும், உரோமரும், பீசா நகரத்தாரும், அரகோன் அரசரும் ஒருவர்பின் ஒருவராய் ஆண்ட ஊர் அது. இன்று அங்கே சுமார் ஒன்றரை லட்சம் பேர் வாழ்கிறார்கள்.

அவ்வூர் மக்களிடம் கடற்கரைக்கு வழி கேட்டால், அவர்கள் கைகாட்டுவது பொயெத்தோ. துறைமுகத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் எதிரிலுள்ள சதுக்கத்தில் நகரப் பஸ் புறப்படுகிறது. அரை மணி நேரத்துக்குள் அது நம்மை மணலோரத்தில் இறக்கிவிடுகிறது. அக்கரை எட்டுக் கிலோமீட்டர் அளவுக்கு வில்போல் வளைந்து, பாதி காலியரிக்கும் பாதி பக்கத்து ஊராகிய குவார்த்து சந்தெலேனாவுக்கும் உரியதாய்க் கிடக்கிறது. ஊரார் அக்கரையின் பகுதிகளைப் பஸ் நிறுத்தங்களின் எண்ணைக் கொண்டே குறிப்பிடுகிறார்கள். "ஆறாவது நிறுத்தத்துக்கு வா" என்றால் அங்குள்ள சிறுவனுக்கும் இடம் விளங்கிவிடும். ஒரு கடற்கரையின் முகவரியே பஸ் நிறுத்தமாயிருப்பது நமக்கு மிகவும் பிடித்தது. சொந்த வாகனம் இல்லாதவனையும் கணக்கில் வைத்து வாழ்ந்த ஊரின் அடையாளம் அது.

கரையின் சில பகுதிகளில் குத்தகைக்காரர்கள் குடையும் சாய்வு நாற்காலியும் போட்டுப் பணம் வாங்குகிறார்கள். லிடோ என்னும் குளியல் விடுதி 1914இல் தொடங்கியது. ஆயினும் எஞ்சிய நெடும்பகுதி இலவசக் கரை. துண்டை விரித்து அமர எவருடைய உத்தரவும் வேண்டியதில்லை. இத்தாலியச் சட்டப்படி கடலோரம் பொதுச் சொத்து. தனியார் அதைக் குத்தகைக்கு எடுக்கலாமேயன்றி உரிமை கொண்டாட முடியாது. குத்தகை எடுத்தவரும் தம் இடத்தின் வழியே அலையோரம் செல்ல எவரையும் இலவசமாய் அனுமதித்தே தீரவேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. சட்டம் ஏட்டில் இருப்பதற்கும் மணலில் நடப்பதற்கும் சில இடங்களில் தூரம் உண்டு. என்றாலும் ஏட்டில் இருப்பதும் ஒரு பலமே. தடுப்பவனை நிறுத்திக் கேள்வி கேட்க அது ஏழைக்கு நா கொடுக்கிறது.

அந்த ஆறாவது நிறுத்தத்தருகே ஒரு பெரியவரோடு உரையாடும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. எழுபதைக் கடந்தவர், கப்பலில் வேலை செய்தவராதலால் ஆங்கிலம் ஓரளவு பேசினார். முன்னாளில் அந்த மணல் முழுவதும் வண்ணம் பூசிய மரக் குடில்கள் வரிசை வரிசையாய் நின்றனவாம். கோடை பிறந்ததும் தச்சன், மீன் விற்பவன், பள்ளி ஆசிரியன் ஆகிய எல்லோரும் பாயும் பாத்திரமும் தூக்கிக்கொண்டு குடும்பத்தோடு அக்குடில்களில் குடியேறி, மழை தொடங்கும் வரையில் அங்கேயே சமைத்து உண்டு உறங்குவார்களாம். சுகாதாரக் கேட்டைக் காரணமாகக் கூறி, 1986இல் அக்குடில்கள் அனைத்தையும் இடித்து அகற்றினார்கள். "அழுக்கு இருந்தது உண்மை, ஆனால் குழாய் போட்டுக் கொடுத்திருக்கலாமே" என்றார் பெரியவர். அவர் குரலில் கோபமில்லை. இடிப்பதற்கு ஒரு நாள் போதும். குழாய் போடுவதற்கு மனம் வேண்டும் என்பதை அவர் சொல்லாமலே நாம் உணர்ந்துகொண்டோம்.

பொயெத்தோவின் பெருந்துயரம் அதன்பிறகு வந்தது. 1943இல் விமானக் குண்டுகள் காலியரி நகரத்தைச் சின்னாபின்னமாக்கின. போருக்குப்பின் வீடுகளைத் திரும்பக் கட்டுவதற்கு இக்கரையின் மணல்மேடுகளிலிருந்தே மணலை அள்ளிச் சென்றார்கள். மேடுகள் போனபின் கடல் மெல்ல மெல்லக் கரையைத் தின்னத் தொடங்கியது. அதற்குப் பரிகாரமென்று 2002இல் அதிகாரிகள் கடலடியிலிருந்து லட்சக்கணக்கான கன மீட்டர் மணலை உறிஞ்சிக் கரையில் கொட்டினார்கள். அதுவரை மாவுபோல் வெண்மையும் மென்மையுமாயிருந்த கரை, சில வாரங்களில் சாம்பல் நிறத்துப் பருமணலாயிற்று. ஊர் கொதித்தது, வழக்குகள் பல ஆண்டுகள் நடந்தன. ஆனால் எந்தத் தீர்ப்பும் பழைய மணலைத் திரும்பக் கொண்டுவரவில்லை. நாம் குனிந்து கையால் கிளறிப் பார்த்தபோது வெண்மணலும் கருமணலும் கலந்தே வந்தன.

இன்னொன்றையும் அங்கே கற்றோம். அலையோரத்தில் பழுப்பு நிறமாய்ச் சருகுகள் முழங்காலளவு குவிந்திருந்தன. பொசிடோனியா என்னும் கடற்புல்லின் இலைகள் அவை. விருந்தினர் முகஞ்சுளிக்கிறார்கள், அள்ளி எறியும்படி கேட்கிறார்கள். உண்மையில் குளிர்காலப் புயலலை நேரே மணல்மேல் மோதாதபடி மெத்தைபோல் தடுப்பது அக்குவியலே. இயந்திரம் வைத்து அதை வாரினால் மணலும் கூடவே போய்விடுகிறது. கண்ணுக்கு அழகில்லாதது உபயோகமற்றது என்று எண்ணும் பழக்கம் மனிதரிடத்தும் உண்டு, மணலிடத்தும் உண்டு.

பொயெத்தோவின் பின்புறம் மொலென்தார்ஜியுஸ் என்னும் நீர்நிலையும் உப்பளங்களும் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் அவ்வுப்பளங்களில் சிறைக்கைதிகளை வைத்து வேலை வாங்கினார்கள். 1985இல் உப்பு எடுப்பது நின்றது. 1993இல் பூநாரைகள் முதன்முறையாக அங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரித்தன. 1999இல் அரசாங்கம் அதைப் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பூங்காவாக்கியது. சார்டினிய மொழியில் அப்பறவைக்குச் "சிவந்த ஜனங்கள்" என்று பெயர். மாலை வேளையில் அவை கூட்டமாய் நகரத்தின் மாடி வீடுகளுக்குமேல் பறந்து செல்வதைக் கண்டோம். கைதிகள் வெயிலில் வெந்த இடத்தில் இன்று அப்பறவைகள் அஞ்சாமல் மேய்கின்றன.

இத்தீவின் கரையோரச் சதுப்புகள் ஒரு காலத்தில் மரணத்தின் வாசலாயிருந்தன. மலேரியாக் காய்ச்சலுக்கு அஞ்சி மக்கள் கடலோரத்தை விட்டு மலைப்பக்கம் ஒதுங்கி வாழ்ந்தார்கள். தோட்டத்துக் கணக்குப் புத்தகங்களோடு காலந்தள்ளும் கிராணியாகிய நமக்கு இச்செய்தி அந்நியமானதன்று. பால்மரக் காட்டில் காய்ச்சலுக்கு இரையானோர் கதையையும், வடிகாலுக்கு எண்ணெய் தெளிப்பதற்கென்றே பெரட்டில் தனி ஆள் நின்றதையும் நம் முன்னோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1897இல் ரொனால்ட் ராஸ் செக்கந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் அந்நோய்க் கிருமியைக் கண்டார். மறு ஆண்டு இத்தாலியரான கிராஸி, மனிதருக்கு அதைக் கொண்டுவருவது அனாபிலிஸ் கொசுவே என்று நிலைநாட்டினார். 1901இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன் அவ்வறிவைக் கொண்டு சதுப்பு நீரை வடித்துக் காய்ச்சலை அடக்கினார். சார்டினியாவில் 1946 முதல் 1950 வரை, ராக்பெல்லர் நிறுவனத்தின் துணையோடு, ஆயிரக்கணக்கான தொழிலாளர் வீடு வீடாகவும் சதுப்புச் சதுப்பாகவும் டி.டி.டி. மருந்து தெளித்தனர். 1946இல் சுமார் 75,000 பேரைப் பிடித்த காய்ச்சல், 1951இல் பத்துப் பேரைக்கூடப் பிடிக்கவில்லை. வேடிக்கை என்னவெனில், அந்தக் கொசு இனம் அடியோடு அழியவில்லை, நோய்தான் அழிந்தது. அம்மருந்தின் தீங்குகளும் பின்னால் வெளிப்பட்டுப் பல தேசங்கள் அதைத் தடைசெய்தன என்பதையும் மறைக்கலாகாது. ஆயினும் விஞ்ஞானத்தின் கை பட்டபிறகே இக்கரைகளில் மனிதன் அச்சமின்றிக் கால் நீட்டிப் படுத்தான். நேர்த்திக்கடன்கள் நூற்றாண்டுகளாய்ச் செய்யாததை ஐந்து ஆண்டு உழைப்பு செய்தது.

நேர்த்திக்கடன் என்றதும் நினைவுக்கு வருவது, பொயெத்தோவின் மேற்கு முனையில் நிற்கும் "சைத்தானின் சேணம்" என்னும் குன்று. வளைகுடாவின் அழகுக்கு ஆசைப்பட்ட சைத்தானைத் தேவதூதர்கள் போரிட்டு விரட்டினார்களாம். அவன் குதிரையினின்று விழுந்தபோது கழன்ற சேணமே இக்குன்றாயிற்றாம். உண்மையில் மழையும் காற்றும் அரித்த சுண்ணாம்புப் பாறை அது. கதை பொய்யென்றாலும் குன்று மெய். ஏறிப் பார்த்தால் ஒருபுறம் நகரமும் மறுபுறம் முழு வளைகுடாவும் தெரிகின்றன. அதன் மறுபக்கத்தில் கலங்கரை விளக்கத்தின் அடியில் கலமோஸ்கா என்னும் சிறு குடாக்கரை இருக்கிறது. மணல் குறைவு, பாறை மிகுதி. வடக்குப் பெருங்காற்று பொயெத்தோவில் மணலை வாரி வீசும் நாளில் ஊரார் இங்கே ஒதுங்குகிறார்கள்.

நகரத்தினின்று கிழக்கே கடலோரச் சாலையில் சென்றால் முதலில் மாரி பிந்தாவு வருகிறது. "வண்ணம் தீட்டிய கடல்" என்பது அப்பெயரின் பொருள். கூழாங்கல் கரை, நீரோ பச்சையும் நீலமுமாய்ப் பட்டை பட்டையாய்த் தெரிகிறது. சுமார் 50 கிலோமீட்டரில் வில்லாசிமியுஸ். அங்குள்ள போர்ட்டோ ஜுங்கோ கரையில் முன்புறம் கடல், பின்புறம் பூநாரை மேயும் ஏரி, இரண்டுக்கும் நடுவே மெல்லிய மணல் வரப்பு. நாம் கண்டவற்றுள் கண்ணுக்கு மிக அழகியது இதுவே. 1998 முதல் அம்முனைக் கடல் பாதுகாக்கப்பட்ட பகுதியாய் இருக்கிறது.

தென்மேற்கே பூலா ஊருக்கருகில் நோரா. பினீசியரும் உரோமரும் வாழ்ந்த நகரத்தின் நாடகசாலையும் வண்ணக்கல் தளங்களும் அலையோரத்தில் நிற்கின்றன. நகரத்தின் ஒரு பகுதியைக் கடல் மூடிவிட்டது. அவ்விடத்தில் கிடைத்த பழைய கல்வெட்டு காலியரிப் பொருட்காட்சிசாலையில் இருக்கிறது. அதற்கும் அப்பால் கியா. சூரைச்செடிகள் வேரூன்றிய மணல்மேடுகளும், கடற்கொள்ளைக்காரரைக் கண்காணிக்க 16ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோபுரமும் அங்கே உள. சு ஜுதேயு என்னும் கரையில் நீர் தாழ்ந்த வேளையில் எதிரிலுள்ள சிறு தீவுக்கு நடந்தே போகலாம். பொயெத்தோ இழந்த மேடுகள் எப்படி இருந்திருக்கும் என்பதைக் கியாவில் கண்டோம். ஆனால் இத்தூரக் கரைகளுக்குச் செல்லும் பஸ்கள் சொற்பம். வாகனம் வைத்திருப்பவனுக்கே அவை வசதி.

ஒரு கரையைக் காக்கவும் சட்டம் வேண்டியிருக்கிறது. 2004இல் அத்தீவின் அரசாங்கம் கடலோரத்தில் இரண்டு கிலோமீட்டர் அளவுக்குப் புதுக் கட்டடங்களைத் தடுத்து நிறுத்தி, 2006இல் நிலக்காட்சிப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை வகுத்தது. 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி மணலோ சிப்பியோ கூழாங்கல்லோ எடுத்துச் செல்பவருக்கு 500 யூரோ முதல் 3,000 யூரோ வரை அபராதம். 2019இல் பிரெஞ்சுத் தம்பதியர் இருவர் கியாவின் மணலை 40 கிலோ அளவுக்குப் புட்டிகளில் அடைத்து வாகனத்தில் கொண்டுபோகையில் பிடிபட்டனர். "ஒரு பிடி மணல்தானே" என்பான் ஒவ்வொருவனும். ஆண்டுதோறும் வரும் லட்சம் பேரும் ஒவ்வொரு பிடி எடுத்தால் கரை என்னாவது? பொதுச் சொத்து என்றால் எல்லோரும் எடுக்கலாம் என்பது பொருளன்று. எவரும் எடுக்கலாகாது என்பதே பொருள்.

ஆகவே எந்தக் கரை சிறந்தது? அழகையே கேட்பவர் போர்ட்டோ ஜுங்கோவுக்குப் போகட்டும். பழமையை நாடுவோர் நோராவுக்கும், மணல்மேட்டைக் காண விழைவோர் கியாவுக்கும் போகட்டும். நம்மைக் கேட்டால் பொயெத்தோ என்றே சொல்லுவோம். அதன் மணல் கெட்டது, குடில்கள் போயின. ஆயினும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் வேலைக்காரப் பெண்ணும், கல்லூரி மாணவனும், ஆப்பிரிக்காவிலிருந்து வந்து துண்டு விற்கும் இளைஞனும், பேரனைத் தோளில் சுமந்த கிழவனும் ஒரே அலையில் கால் நனைக்கக் கண்டோம். அவர்களுள் உயர்ந்தவர் தாழ்ந்தவர் யாரென்று கடல் விசாரிக்கவில்லை. அவ்விதம் விசாரிக்காத இடங்கள் உலகில் எவ்வளவு பெருகுகின்றனவோ, அவ்வளவுக்கு மனிதன் நாகரிகம் அடைந்தவனாவான். அங்கே செல்லும் அன்பர்கள் கோடையின் உச்சமாகிய ஆகஸ்டைத் தவிர்த்துச் செப்டம்பரில் செல்வார்களாக. கூட்டம் குறைந்திருக்கும், நீரும் இளஞ்சூடாயிருக்கும். திரும்பும்போது செருப்பில் ஒட்டிய மணலையும் அங்கேயே தட்டிவிட்டு வருவார்களாக.