ஆறு சக்கரமும் ஓர் ஊசியும்

முதுமையையும் பயணத்தையும் பற்றித் தமிழ் மரபு சேர்த்து வைத்திருக்கும் கதைகள் விந்தையானவை. திருமணத்தைத் தவிர்க்கப் பிள்ளையாரிடம் முறையிட்டு, இளமையை உதறி மூதாட்டியானவர் என்று ஔவையாரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. காரைக்கால் அம்மையாரோ அழகிய உடலை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்று, கயிலையைக் காலால் மிதிக்கலாகாது என்று தலையால் நடந்தார் என்கிறது பெரியபுராணம். ஒரு பெண்ணுக்குச் சாலை வாய்க்க வேண்டுமானால் அவள் இளமையை ஈடாகக் கொடுத்தாக வேண்டும் என்பதே இவ்விரு கதைகளுக்கும் பொதுவான கணக்கு. எங்கள் வகுப்பறையில் இதைச் சொன்ன ஒரு நாள், பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "எங்க ஆச்சிக்கு எழுபது வயசாச்சு. அவங்க ஏன் இன்னும் எங்கேயும் போகல?" வகுப்பு சிரித்தது. கேள்வி சிரிப்புக்குரியதன்று.

ஔவைக்குரிய அந்த ஈட்டைச் செலுத்தி, அதற்குரிய சாலையையும் கேட்டு வாங்கிக்கொண்ட ஒரு பாட்டியை நாங்கள் அறிவோம். அவர் தமிழரல்லர். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகரின் புறப்பகுதியில், எங்கள் தம்பியின் வீட்டுக்கு அடுத்த வீட்டில் வாழ்பவர். 2023 மே மாதம், கல்லூரி விடுமுறையில், நாங்கள் கணவன் மனைவி இருவரும் அங்கே ஆறு வாரம் தங்கியிருந்தோம். பேரனைப் பார்த்துக்கொள்ள முன்பே போயிருந்த அம்மாவை உடன் அழைத்து வருவது பயணத்தின் நோக்கம். அடுத்த வீட்டுப் பாட்டிக்கு அப்போது வயது 76, அம்மாவுக்கு 72. அங்கே வயதில் மூத்தவரையும் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள். அம்மாவுக்கு அது நாவில் வரவில்லை. "அக்கா" என்றே அழைத்தார். அந்த அம்மையார் அதைத் தம் பெயரின் தமிழ் உச்சரிப்பு என்று சில நாள் எண்ணியிருந்தாராம். பொருளை விளக்கியபின் வேறு யாரும் தம்மை அப்படி அழைக்கக் கூடாது, அது அம்மாவுக்கு மட்டுமே உரியது என்று சொல்லிவிட்டார்.

அவருடைய வீட்டு முற்றத்தில் நிற்கும் வண்டியைத்தான் நாங்கள் முதலில் அறிந்தோம். ஆர்.வி. என்று அங்கே சுருக்கமாகச் சொல்கிறார்கள். சிற்றுந்து அளவுள்ள, வீடாகவும் இருக்கும் வண்டி. இருபத்து நான்கு அடி நீளம். பின்புறம் இரட்டைச் சக்கரங்களாக ஆக மொத்தம் ஆறு சக்கரங்கள். ஓட்டுநர் இருக்கைக்கு மேல் நெற்றிபோல் நீட்டிக்கொண்டிருக்கும் படுக்கை. உள்ளே எரிவாயு அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, ஓர் ஆள் நின்று குளிக்கும் அறை, கழிப்பறை. நல்ல நீருக்கு ஒரு தொட்டி, குளித்த நீருக்கும் பாத்திரம் கழுவிய நீருக்கும் ஒரு தொட்டி, கழிவுக்கு ஒரு தொட்டி. தங்குமிடங்களில் மின்சாரத்துக்கும் நீருக்கும் இணைப்பு தருவார்கள். கழிவைக் கொட்டவும் தனியிடம் உண்டு. அவ்வேலையைக் கையுறை மாட்டிக்கொண்டு பாட்டியே செய்வார். கதவின் உட்புறம் அவர் கைப்பட எழுதிய ஒரு பட்டியல் ஒட்டப்பட்டிருக்கும்: மின்கம்பியைக் கழற்று, படியை உள்ளே இழு, இழுப்பறைகளைப் பூட்டு, எரிவாயுவை மூடு. பணிக்காலம் முழுதும் பள்ளிப் பேருந்து ஓட்டியவர் அவர். பெரிய வண்டி அவருக்கு அச்சமூட்டும் பொருளன்று.

கணவர் மறைந்தபின்தான் இவ்வண்டியை வாங்கினாராம். அவருடைய ஆண்டு ஒரு வட்டமாகச் சுழலும். ஏப்ரலில் கென்டக்கி மாநிலத்தின் படூக்கா என்னும் சிற்றூருக்கு ஏறத்தாழ 700 மைல் ஓட்டிச் செல்வார். கோடையில் டெக்சாஸின் வெக்கை தாளாமல் நியூ மெக்சிகோவின் மலைகளுக்குப் போவார். நாடெங்கும் உள்ள தேசியப் பூங்காக்களுக்குள் நுழைய 62 வயது நிறைந்த அமெரிக்கருக்கு வாழ்நாள் அட்டை ஒன்று உண்டு. 2017 ஆகஸ்டு மாதம் அதன் விலை 10 டாலரிலிருந்து 80 டாலராக உயர்ந்தது. பத்து டாலருக்கு வாங்கியவர் தாம் என்பதைப் பாட்டி இரண்டு முறை எங்களிடம் சொன்னார். குளிர்காலத்தில் வீடு. மகள், மகன், ஐந்து பேரப்பிள்ளைகள், மருத்துவர்கள், தையல்.

படூக்காவுக்குப் போவதும் தையலுக்காகவே. குவில்ட் எனப்படும் ஒட்டுப்போர்வைக் கலைக்கு அங்கே 1991இல் திறக்கப்பட்ட தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. 2013இல் அவ்வூரைக் கைவினை நகரங்களுள் ஒன்றாக யுனெஸ்கோ ஏற்றது. துண்டுத் துணிகளை இணைத்த மேல்துணி, நடுவே பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி. மூன்றையும் ஊடுருவிப் பிணைக்கும் தையல். இவ்வளவே குவில்ட். வண்டியில் பாட்டியுடன் பயணம் செய்வது சிங்கர் நிறுவனம் 1933இல் வெளியிட்ட 221 என்னும் மாதிரி. 'இறகெடை' என்ற பொருளில் அதற்கொரு செல்லப்பெயர் உண்டு. எடை சுமார் ஐந்து கிலோ. உணவு மேசை மேல் வைத்து, மடிந்த பலகையை விரித்தால் தையற்கூடம் தயார். ஒவ்வொரு பேரப்பிள்ளையும் கல்லூரிக்குப் போகும் ஆண்டில் ஒரு போர்வை தர வேண்டும் என்பது அவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட நெறி. நான்கு தந்தாயிற்று. ஐந்தாவது அந்தக் கோடையில் மேசை மேல் இருந்தது.

அம்மா அந்த மேசைக்கு வந்து சேர்ந்ததும் துணியின் வழியாகத்தான். ஹூஸ்டனில் அம்மாவின் வாழ்வு ஒரு வசதியான சிறை. பேர்லாண்டில் மீனாட்சியம்மன் கோயில் இருக்கிறது. ஆனால் யாராவது ஓட்டிச் செல்ல வேண்டும். கடைக்கும் அப்படியே. நடந்து போகலாம் என்றால் போய்ச் சேர ஓர் இடமில்லை. லால்குடியில் தெருமுனைப் பூக்காரியோடு பேசிவிட்டு வந்தாலே அரைநாள் நிறைந்துவிடும் அவருக்கு. பேரன் உறங்கும் பகற்பொழுதுகளில் பழைய நூல்புடவை ஒன்றைக் கிழித்து நான்காக மடித்துக் குழந்தைக்கு விரிப்புத் தைத்துக்கொண்டிருந்தார். வேலியோரம் நின்று அதைப் பார்த்த பாட்டி உள்ளே வந்துவிட்டார். பொதுமொழி இல்லை. நேரோட்டத் தையலுக்கு மொழி எதற்கு? வெளியிலிருந்து உள்நோக்கி, விளிம்பை மடித்து மடித்து அம்மா தைத்த முறையைப் பாட்டி நெடுநேரம் பார்த்தார் என்று தம்பி மனைவி சொன்னாள். மறுநாளிலிருந்து இருவரும் ஒரே மேசையில்.

துணியைத் தைப்பதற்குத் துன்னம் என்று நம் பழைய இலக்கியம் பெயர் வைத்திருந்தது. தையற்காரரைத் துன்னகாரர் என்கிறது சிலப்பதிகாரம். பொருநராற்றுப்படையில் கரிகாலனிடம் வந்து சேரும் பொருநன் உடுத்திருப்பது வியர்வையில் நனைந்து, வேற்று நூல்களால் தைத்துத் தைத்து நிலைபெற்ற கந்தை. மன்னன் அதைக் களையச் செய்து புத்தாடை தருகிறான். வழிநடைக் கலைஞனின் வாழ்வு முழுதும் அந்த ஒட்டுத்தையலில் எழுதப்பட்டிருந்தது என்பதைக் கொடைச் சிறப்பில் மயங்கி நாம் மறந்துவிடுகிறோம். கந்தை களையப்பட வேண்டிய பொருள் என்றே நம் மனம் பழகியிருக்கிறது.

பாட்டி எங்களுக்குக் காட்டிய ஒரு நூல் அந்தப் பழக்கத்தை அசைத்தது. அலபாமா ஆற்றின் வளைவில் ஜீஸ் பெண்ட் என்றொரு சிற்றூர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட கறுப்பின மக்களின் வழிவந்தோர் வாழ்வது. அவ்வூர்ப் பெண்கள் கிழிந்த வேலை உடுப்புகளில் தைத்த போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், அதன்பின் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் ஓவியங்களைப்போல் சுவரில் தொங்கின. 2006இல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றில் பத்தைத் தபால்தலைகளாக வெளியிட்டது. மிசௌரி பெட்வே என்பவர் 1942இல், இறந்த கணவரின் வேலை உடுப்புகளைக் கிழித்துத் தைத்த போர்வையும் அந்நூலில் இருந்தது. முழங்கால் தேய்ந்த இடம் வெளுத்துத் தெரிகிறது. அம்மா அப்படத்தின் மேல் விரல் வைத்துவிட்டு எடுக்கவில்லை. அப்பாவின் வேட்டிகளை என்ன செய்தோம் என்று அவர் எங்களைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் யாருக்கோ கொடுத்தோம் என்பதே விடை.

அவ்வூருக்கு இன்னொரு செய்தியும் உண்டு. வாக்காளராகப் பதிவு செய்ய அம்மக்கள் ஆற்றைக் கடந்து கேம்டன் நகருக்குப் போகத் தொடங்கியதும், 1962இல் படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. எதிர்க்கரைக்குப் போக ஏறத்தாழ 40 மைல் சுற்ற வேண்டியதாயிற்று. படகு திரும்ப வந்தது 2006இல்தான். ஒருவரை அடக்க நினைப்போர் முதலில் கைவைப்பது அவருடைய வழியின் மீது. இதை வாசித்தபோது எங்கள் எண்ணம் அலபாமாவில் நிற்கவில்லை.

ஏனென்றால் பாட்டியின் வழிமீதும் அப்போது ஒரு கை விழுந்திருந்தது. இது அன்பின் கை. அவருக்கு விழித்திரையின் நடுப்பகுதி முதுமையால் சிதையும் நோய். வலக்கண்ணில் அது, புதிய இரத்த நாளங்கள் கசியும் 'ஈர' வகையாக மாறியிருந்தது. குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு கட்டத்தாள் ஒட்டியிருந்தது. மார்க் அம்ஸ்லர் என்னும் சுவிட்சர்லாந்துக் கண் மருத்துவர் பெயரால் வழங்குவது. பத்து சென்டிமீட்டர்ச் சதுரம், நடுவில் ஒரு புள்ளி. காலையில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அப்புள்ளியைப் பார்க்க வேண்டும். கோடுகள் நேராகத் தெரிந்தால் அன்றைய நாள் நலம். வளைந்தாலோ நடுவில் கறை தெரிந்தாலோ மருத்துவரிடம் ஓட வேண்டும். சில வாரங்களுக்கு ஒருமுறை கண்ணுக்குள் ஊசி. இரத்த நாளப் பெருக்கத்தைத் தடுக்கும் இவ்வகை மருந்துகளில் ஒன்றான ரானிபிசுமாப் 2006இல் அங்கே ஒப்புதல் பெற்றது. அதற்கு முன் இந்நோய் வந்தோர் பலர் நடுப்பார்வையை இழந்தே தீர வேண்டியிருந்தது. பாட்டிக்கு இப்போது பயணத்தின் நீளத்தை அளப்பது சாலையன்று, இரண்டு ஊசிகளுக்கு இடைப்பட்ட நாள்கள். "வாழ்நாள் முழுதும் நேர்க்கோடு தைத்தேன். இப்போது தினமும் காலையில் ஒரு தாள் எனக்கு மதிப்பெண் போடுகிறது" என்றார்.

மகன் வண்டியை விற்றுவிடச் சொன்னார். மகள் ஓராண்டு பொறுக்கலாம் என்றார். டெக்சாஸில் 79 வயதானோர் ஓட்டுநர் உரிமத்தை நேரில் சென்று, பார்வைச் சோதனைக்கு உட்பட்டே புதுப்பிக்க முடியும். "அதற்கு மூன்று ஆண்டு இருக்கிறது, அதுவரை சட்டம் என் பக்கம்" என்று பாட்டி வாதிட்டார். மகன் சொன்ன விடை எங்களுக்கு மறக்கவில்லை: "சாலையில் எதிரே வருபவர் எந்தப் பக்கம், அம்மா?" பாட்டி பேசவில்லை. மகன் கேட்டது நியாயம். பாட்டிக்கு வலித்ததும் நியாயம்.

அடுத்த வாரம் பாட்டி எங்களை லிவிங்ஸ்டன் என்னும் ஊருக்கு அழைத்துச் சென்றார். ஓட்டியவர் மகள். இவ்வகை வண்டிகளிலேயே வாழ்வோருக்காக 1978இல் தொடங்கப்பட்ட எஸ்கேப்பீஸ் என்னும் சங்கத்தின் தலைமையிடம் அது. முதுமையாலோ நோயாலோ இனி ஓட்ட இயலாதோர் தம் வண்டியை அங்கே நிறுத்தி, அதிலேயே குடியிருக்கலாம். உணவு தருகிறார்கள், மருத்துவரிடம் அழைத்துப் போகிறார்கள். சக்கரம் நின்ற வண்டிகளின் வரிசையில் பாட்டி மெல்ல நடந்தார். ஒரு வண்டியின் வாசலில் தக்காளிச் செடி கூரைவரை ஏறியிருந்தது. திரும்பும்போது, "நல்ல இடம். ஆனால் எல்லாச் சன்னலும் ஒரே காட்சியைத்தான் காட்டும்" என்றார். அம்மாவுக்கு நாங்கள் மொழிபெயர்த்தோம். அம்மா எங்களிடம் மெல்லச் சொன்னார்: "பெரியவன் வீட்ல நாலு மாசம், உங்க வீட்ல நாலு மாசம், இங்க ஆறு மாசம்னு எனக்கும்தான் ஊர் ஊரா மாத்துறீங்க. அக்காவோட வித்தியாசம் ஒண்ணுதான். எப்பப் புறப்படணும்னு அவங்களே சொல்றாங்க."

வண்டிக்குள் சற்றுநேரம் யாரும் பேசவில்லை. வெளியே பைன் மரங்கள் பின்னோக்கி ஓடின.

சுதந்திரமான மேற்கத்திய முதுமை, பாதுகாப்பான கீழ்த்திசை முதுமை என்று பட்டிமன்றத் தலைப்பாக்கிப் பேசுவது எளிது. நாங்கள் கண்டது அவ்வளவு நேரான தையலன்று. வண்டி வாங்கவும் எரிபொருள் போடவும் பணம் வேண்டும்; 65 வயதில் அரசின் மருத்துவக் காப்பீடு கைக்கு வர வேண்டும். மகப்பேற்றுக்கும் நோய்க்கும் தாய் வந்து உடனிருப்பாள் என்ற உறுதி அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் இல்லை. எங்கள் தம்பி வீட்டுக்கு இருந்தது. காய்ச்சலில் கிடந்த ஒரு வாரம் பாட்டிக்கு ரசம் கொண்டுபோனவர் அம்மாதான். இரண்டுக்கும் விலையுண்டு. அந்த விலையைச் செலுத்துபவரிடம் கேட்டுவிட்டுச் செலுத்த வைக்கிறோமா என்பதே வினா. பின்வரிசை மாணவியின் ஆச்சியிடமும் எவரேனும் கேட்டிருந்தால், போக ஓரிடத்தை அவர் சொல்லியிருக்கக் கூடும்.

ஐந்தாவது போர்வை எங்கள் புறப்பாட்டுக்கு முன் முடிந்தது. நடுச்சதுரம் ஒன்றில் அம்மாவின் மஞ்சள் நூல்புடவைத் துண்டு இருக்கிறது. 2024 ஏப்ரலில் பாட்டி படூக்காவுக்குப் போய்வந்தார். ஓட்டியவர் அந்தப் போர்வைக்கு உரிய பேத்தி. பாட்டி பக்கத்து இருக்கையில் அமர்ந்து வழி சொன்னாராம். வண்டி இன்னும் விற்கப்படவில்லை. சாவி பேத்தியிடம் இருக்கிறது.

அம்மா இப்போது லால்குடி வீட்டில் இருக்கிறார். பெரியவர் வீட்டுக்கு எப்போது போவது, எங்கள் வீட்டுக்கு எப்போது வருவது என்பதை நாட்காட்டியில் அவரே குறிக்கிறார். சென்ற மார்கழியில் தெருப் பெண்கள் சேர்ந்து அமர்த்திய வேனில் நவதிருப்பதிக்குப் போவதாகத் தொலைபேசியில் தெரிவித்தார். உடன் நாங்கள் வரட்டுமா என்று கேட்டோம்.

"வேன்ல இடமில்ல" என்றார்.