தொளியில் இறங்கும் வண்டி

பாபநாசம் அணையில் இன்று எத்தனை அடி தண்ணீர் என்பது தெரியாமல் கல்லிடைக்குறிச்சியில் காலைக் காப்பி குடிக்கிற விவசாயி ஒருவர் இருக்க முடியாதென்றே நினைக்கிறேன். 143 அடிக்கு நீர் தேக்கும் அந்த அணை திறக்கப்பட்டு, கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும் அணைக்கட்டுகளில் தாமிரபரணி திரும்பி, புராதனமான கால்வாய்களின் வழியாக வயல்களுக்கு வந்து சேர்ந்ததும், நிலம் உள்ள அத்தனை பேருக்கும் ஒரே வாரத்தில் உழவு வேண்டியதாகிவிடுகிறது. கார் சாகுபடிக்கு ஜூன் மாதத்திலும், பிசானத்துக்கு ஐப்பசி மழையை ஒட்டியும் இந்த நெருக்கடி வருஷந்தோறும் தவறாமல் வரும். வாடகை டிராக்டரோ பெரிய நிலக்காரரின் வயலை முடித்துக்கொண்டுதான் சிறியவரின் வயலுக்கு வரும். 1986இல் அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டு இன்றும் இப்பக்கத்தில் செல்வாக்குக் குறையாத அம்பை 16 குறுகிய காலப் பயிர். இருபத்தைந்து நாளில் பிடுங்கி நடவேண்டிய அதன் நாற்று நாற்றங்காலிலேயே முற்றிப்போகுமானால் நட்ட பிறகு தூர் கட்டுவது குறைந்துவிடும். ஆகவே சிறு நிலக்காரருக்குச் சொந்தமாக ஒரு வண்டி வேண்டும் என்ற ஆசை பிறப்பதற்கு டம்பம் காரணம் அன்று. ஒரே நாளில் எல்லோருக்குமாக வந்து சேருகிற தண்ணீர்தான் காரணம்.

எனக்கு வெகுகாலப் பழக்கமுள்ள ஒருவர் இந்த ஆசையில் விழுந்திருந்தார். அவருக்கு ஒன்றே முக்கால் கோட்டை விதைப்பாடு நன்செய், அதாவது மூன்று ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அத்துடன் வாழை போட்ட சிறு துண்டு ஒன்றும் உண்டு. இதைச் சொற்பம் என்று சொல்வதற்கில்லை. 2015–16ஆம் வருஷத்து விவசாயக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு சாகுபடியாளரின் சராசரி நிலமே 0.75 ஹெக்டேர்தான், அதைவிடக் கூடுதலாக உடைய இவர் சராசரிக்கு மேற்பட்டவர். அக்கிரகாரத்து மிராசுதார் குடும்பங்கள் பல உத்தியோகத்தை நாடி நகரங்களுக்குப் போன பிற்பாடு, நிலம் துண்டு துண்டாகக் கைமாறி இப்படிப்பட்டவர்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. வண்டி வாங்குவதென்று தீர்மானித்துவிட்டார். பழையதா புதியதா என்பதில்தான் அவருக்குச் சந்தேகம். அவர் யோசனை கேட்கப் போன இடங்களுக்கெல்லாம் கூடப் போகும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்தது.

முதலில் போனது அம்பாசமுத்திரம் சாலையோரத்திலுள்ள ஒரு பட்டறைக்கு. தகரக் கொட்டகை, பல வருஷத்து எண்ணெய் ஊறிக் கறுத்துப்போன தரை, அதன் நடுவே ஒரு டிராக்டர் இரண்டாகப் பிளந்து கிடந்தது. டிராக்டருக்குக் காரைப் போலத் தனிச் சட்டம் கிடையாது என்பதும், எஞ்சினும் கியர்ப் பெட்டியும் பின் அச்சும் ஒன்றோடொன்று முடுக்கப்பட்டு அவையே வண்டியின் முதுகெலும்பாக நிற்கின்றன என்பதும், அதனால் கிளட்ச் தட்டு ஒன்றை மாற்றுவதற்குக்கூட வண்டியை இடுப்பில் பிளந்தாக வேண்டும் என்பதும் அன்றுதான் எனக்குப் பிரத்தியட்சமாக விளங்கின. வேலை முடிந்து இரு பாதிகளையும் திரும்பச் சேர்க்கும் கட்டம். முன் பாதி மரக்கட்டைகளின்மேல் நின்றது. பின் பாதியை ஜாக்கியில் ஏற்றி இரண்டு பையன்கள் அங்குலம் அங்குலமாகத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கியர்ப் பெட்டியிலிருந்து நீண்டிருக்கும் தண்டின் பற்கள் கிளட்ச் தட்டின் பற்களோடு பொருந்தினால்தான் இரண்டும் சேரும். பொருந்தாமல் பலாத்காரமாக நெருக்கினால் தட்டு வளைந்துபோகும். மேஸ்திரி குனிந்து இடைவெளியில் கையை விட்டு, கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு, விரல்நுனியால் எதையோ தடவிப் பார்த்தார். "நிறுத்துங்கலே" என்றார். ஃபிளைவீலைக் கம்பியால் ஒரு பல் அளவு நெம்பிவிட்டு, "இப்பத் தள்ளு" என்றார். ஒன்றே முக்கால் டன் யந்திரம் சத்தமே இல்லாமல் போய் ஒட்டிக்கொண்டது. இந்தச் சாமர்த்தியத்துக்குச் சான்றிதழ் வழங்கும் கலாசாலை எது என்று எனக்குத் தெரியவில்லை. பதின்மூன்று வயதில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்க வந்தவராம்.

பிளந்து கிடந்தது மாஸி ஃபெர்குசன் 1035. இந்த வட்டாரத்தில் உழைத்துக்கொண்டிருக்கும் பழைய வண்டிகளில் இந்த இனம் கணிசமானது. இதன் சரித்திரத்தில் ஒரு சுவாரசியம் உண்டு. வட அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி ஃபெர்குசன் என்பவர் கலப்பையை வண்டியின் பின்னால் சங்கிலியிட்டு இழுப்பதை விட்டுவிட்டு, மூன்று முனைகளில் வண்டியோடு இணைத்து ஹைட்ராலிக் சக்தியால் ஏற்றி இறக்கும் முறையை 1920களில் வகுத்தார். மண் கலப்பையைப் பிடித்து இழுக்கிற அந்த விசையே பின்சக்கரத்தின்மேல் பாரமாகத் திரும்புவதனால், லேசான வண்டியும் சக்கரம் வழுக்காமல் உழ முடிந்தது. சிறிய நிலக்காரனுக்குச் சிறிய வண்டி என்ற எண்ணமே அங்கிருந்துதான் நடைமுறைக்கு வந்தது என்று சொல்லலாம். அவருடைய பெயரைத் தாங்கிய வண்டிகளை 1960இல் தொடங்கப்பெற்ற டாஃபே நிறுவனம் சென்னை செம்பியத்தில் செய்யத் தொடங்கியது. எஞ்சின், டாஃபே இருக்கும் அதே குழுமத்தைச் சேர்ந்த சிம்சன் நிறுவனத்துடையது. அந்தக் குழுமத்தை உருவாக்கிய எஸ். அனந்தராமகிருஷ்ணன்தான் இங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க ஆழ்வார்குறிச்சியில் ஸ்ரீ பரமகல்யாணி கல்லூரியை 1963இல் நிறுவியவர். தொளியில், அதாவது நடவுக்காகத் தண்ணீர் கட்டிக் கலக்கிய வயற்சேற்றில், புரளும் வண்டிக்கும் இந்தப் பள்ளத்தாக்குக்கும் இப்படியொரு பந்தம் இருப்பது பட்டறையில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை.

மறுநாள் காலையில், விற்பனைக்கு இருந்த இதே இனத்துப் பழைய வண்டி ஒன்றைப் பார்க்க மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு பக்கத்துக் கிராமத்துக்குப் போனோம். புதிதாகச் சிவப்பு வர்ணம் அடித்துப் பொட்டு வைத்து நிறுத்தியிருந்தார்கள். என் நண்பர் வர்ணத்தைப் பார்த்தார், டயரைப் பார்த்தார். மேஸ்திரியோ நேராகப் போய் எஞ்சினின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"சூடா இருக்கே. நாங்க வாரதுக்கு முன்னாலேயே ஓட்டிட்டீங்களோ?"

"கொட்டாய்க்குள்ள இருந்து வெளிய எடுத்தோம், அவ்வளவுதான்."

"அப்பச் சரி. ஆறட்டும். ஒரு டீ குடிச்சிட்டு வாரோம்" என்று எங்களை அழைத்துக்கொண்டு கடைக்கு நடந்துவிட்டார். குளிர்ந்த எஞ்சின் எப்படிப் புறப்படுகிறது என்பதில்தான் அதன் வயது தெரியும் என்றும், முன்பே ஒருமுறை ஓட்டிக் காயவைத்த வண்டி எவரையும் ஏமாற்றும் என்றும் வழியில் விளக்கினார்.

திரும்பி வந்ததும் எஞ்சினை இயக்கவில்லை. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, பின் அச்சுக்குக் கீழேயுள்ள திருகைச் சற்றே தளர்த்தி, வடிந்ததை உள்ளங்கையில் ஏந்தி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து காட்டினார். கறுப்பாகவோ தேன் நிறமாகவோ இருக்கவேண்டிய எண்ணெய் மோர் கலந்தது போல் வெளுத்திருந்தது. நஞ்சை வண்டிக்கே உரிய வியாதி இது. தொளியடிக்கும்போது கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிய பின்சக்கரம் அச்சு மட்டத்துக்குச் சேற்றில் அமிழ்ந்து சுழல்கிறது. அங்குள்ள ரப்பர் சீல் தேய்ந்திருந்தால் சேற்றுத்தண்ணீர் மெல்ல உள்ளே போய் எண்ணெயோடு கலந்து, பேரிங்கையும் பற்சக்கரத்தையும் அரிக்கத் தொடங்கும். புன்செயில் மட்டும் ஓடிய வண்டிக்கு இது வருவதில்லை. கரிசல் பக்கத்திலிருந்து வரும் பழைய வண்டிக்கு இங்கே கிராக்கி அதிகமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

பிறகுதான் எஞ்சின் புறப்பட்டது. ஒரு கணம் கரும்புகை, அப்புறம் தெளிவு. எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றிக் கையை மேலே பிடித்துப் பார்த்தார், புகை முட்டவில்லை. ஒன்பது கொத்துக் கலப்பையைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, ஒரு பீடி முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார், கலப்பை இறங்கவில்லை. நண்பரைத் தனியே அழைத்துச் சொன்னார்: "எஞ்சின் நல்ல எஞ்சின் அண்ணாச்சி. லிப்டும் நிக்குது. பின்னால சீல் போயிருக்கு, பேரிங்கும் சேத்துப் பாக்கணும். அந்தத் துட்டக் கொறச்சுக் கேளுங்க. பெயிண்டுக்குத் துட்டுக் கொடுக்காதீங்க, சொல்லிட்டேன்."

புதிய வண்டியின் கட்சியையும் கேட்க வேண்டுமல்லவா? கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில், வாழையும் நெல்லுமாகப் பத்துப் பன்னிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஒருவருடைய வயலில், 24 குதிரைத்திறன் கொண்ட குபோட்டா ஒன்று நான்கு சக்கர இழுவையில் தொளியடித்துக்கொண்டிருந்தது. எடை முக்கால் டன்னுக்கும் குறைவு. 1035 போன்ற வண்டி திரும்புவதற்கு வரப்போரத்தில் விட்டுவைக்கும் இடத்தையும் இது உழுதுவிடுகிறது. வாழை வரிசைகளுக்கிடையே ரொட்டவேட்டரோடு நுழைந்து வருகிறது. எடை லேசாக இருப்பதில் இன்னொரு பெரிய லாபம் உண்டு. தலைமுறை தலைமுறையாக உழுது மிதித்து இறுகிய அடிமண் படலம் ஒன்று நெல் வயலில் தண்ணீரைத் தாங்கி நிற்கிறது. கனமான வண்டி அதை ஓரிடத்தில் உடைத்துவிட்டால் அந்த இடம் பொதியாகி, அடுத்த பருவத்தில் அங்கேயே வண்டி புதையும். ஆள் இறங்கினாலும் முழங்காலுக்குமேல் போகும். ஓட்டிக்கொண்டிருந்த இளைஞர் சொன்ன காரணம் வேறு: "பழைய வண்டியில பத்து மணி நேரம் கேஜ் வீலோட ஸ்டியரிங் ஒடிச்சா ராத்திரி சோத்துல கை வைக்க முடியாது. இது பவர் ஸ்டியரிங், ஒரு வெரலு போதும்." டிராக்டர் வாங்குவோர் போடும் கணக்கில் ஓட்டுகிறவரின் தோள்பட்டை ஒருநாளும் இடம்பெறுவதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அமெரிக்காவில் இந்தப் பழசு புதுசு விவகாரம் வேறு ரூபம் கொண்டிருக்கிறது. அங்கே புதிய டிராக்டர்களில் கம்ப்யூட்டர் புகுந்து, கம்பெனியின் மென்பொருள் இல்லாமல் கோளாறைக் கண்டுபிடிக்கவே முடியாத நிலை வந்ததனால், தன் வண்டியைத் தானே பழுதுபார்க்கும் உரிமைக்கு விவசாயிகள் சட்டம் கேட்டுப் போராடினார்கள். கொலராடோ மாகாணம் 2023இல் அப்படியொரு சட்டம் இயற்றியது. நம் நாட்டில் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2023 ஜனவரி முதல் கடுமையான புகை விதி வந்து, அவற்றில் மின்னணு முறை நுழைந்திருக்கிறது. அதற்குக் கீழ்ப்பட்ட சிறிய வண்டிகளில் அந்த விதி அப்போது வராததனால், அவற்றில் பெரும்பாலானவை இன்னும் ஸ்பானருக்கு வசப்படுகிறவைதாம். ஆயினும் புதிய வண்டியின் சில்லறைச் சாமான்கள் திருநெல்வேலியிலிருந்து வரவேண்டும். தொளிப் பருவத்தில் ஒரு நாள் தாமதம் என்பது மற்ற மாதத்தில் ஒரு வாரத்துக்குச் சமானம். பழைய வண்டியின் சீலோ இரவு எட்டு மணிக்கும் அம்பாசமுத்திரம் கடையில் கிடைக்கும்.

இனிப் பணத்தைப் பற்றி. 2025 செப்டம்பரில் டிராக்டருக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது புதியது வாங்குவோருக்கு அநுகூலந்தான். அப்படியும் விலை ஆறு லட்சத்தை ஒட்டி நிற்கிறது. மூன்று ஏக்கருக்குக் கார், பிசானம் இரண்டு பருவமும் உழுது பரம்படிக்க, ஏக்கருக்கு நாலைந்து மணி என்று தாராளமாகவே வைத்தாலும், வருஷத்தில் முப்பது மணிக்கு மேல் சொந்த வயலில் வேலை கிடையாது. வாடகை மணிக்கு ஆயிரம் ரூபாய் என்று வைத்தால் முப்பதாயிரம். கடனுக்கு நூற்றுக்குப் பத்து வட்டி என்றால் முதல் வருஷத்து வட்டி மட்டும் அறுபதாயிரம். வருஷத்தில் ஆயிரம் மணி உழைப்பதற்கென்று செய்த யந்திரத்தை முப்பது மணிக்காக வாங்கி நிறுத்துவது அதற்கும் மரியாதை அன்று, வாங்கியவருக்கும் மரியாதை அன்று. வெளி வேலைக்கு ஓட்டிச் சம்பாதிக்கலாமே என்பார்கள், செய்யலாம். ஆனால் அப்போது அவர் விவசாயத்தோடு இன்னொரு தொழிலிலும் இறங்குகிறார் என்பதையும், பிறர் வயலில் வண்டி நிற்கும்போதுதான் தம்முடைய வயலுக்கும் தண்ணீர் வரும் என்பதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கணக்கு வேண்டாம் என்கிறது. கால்வாய் வேண்டும் என்கிறது. இரண்டையும் கேட்ட பிறகு எனக்கு ஏற்பட்ட அபிப்பிராயம் இதுதான். பத்து ஏக்கரை எட்டியவர், அதிலும் வாழை வைத்திருப்பவர், லேசான புதிய வண்டியைத் தைரியமாக வாங்கலாம். என் நண்பரைப் போன்ற மூன்று ஏக்கர்க்காரர் கடன்பட்டுப் புதியது வாங்கலாகாது. அவர் பழையதைத் தேடட்டும். அதையும் தனியாக வாங்காமல், ஒரே மடையில் தண்ணீர் பாயும் பக்கத்து வயல்காரர் இருவரைக் கூட்டுச் சேர்த்துக்கொள்ளட்டும். யாருடைய வயலில் முதலில் இறக்குவது என்பதைத் தண்ணீர் வருவதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளட்டும். பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் ஆர்.சி. புத்தகத்தில் வங்கியின் பெயர் நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நல்ல மேஸ்திரி ஒருவருக்கு அரை நாள் கூலி கொடுத்துக் கூடவே அழைத்துப் போங்கள். அவர் அடித்திருகைத் திறந்து பார்க்குமுன் முன்பணம் கொடுக்காதீர்கள்.