மலைநாட்டானின் வள்ளம்

மாத்தளை மாவட்டத்துக்குச் சமுத்திரக்கரை கிடையாது. ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்குக் கடலைப் பற்றிய ஞானமெல்லாம், சந்தைக்குச் சாக்கில் வந்திறங்கும் கருவாட்டின் வாசனையாலும், எங்கள் அப்பாயி அடுப்படியில் அமர்ந்து சொன்ன பழங்கதை ஒன்றினாலுமே வாய்த்தது. அவருடைய பாட்டியார் தொண்டிப் பக்கத்தில் தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுமார்க்கமாகத் தம்புள்ளையைக் கடந்து, மாத்தளை வரை கால்நடையாக வந்தவர். "தோணிக்குள்ள குந்திட்டா வானம் தெரியாதாம் சாமி, தண்ணி சத்தம் மட்டுந்தான் கேக்குமாம்" என்பார் அப்பாயி. தோணி எந்த மரத்தில் ஆனது, ஓட்டியவர் யார் என்று நான் துருவித் துருவிக் கேட்டும் அவருக்குச் சொல்லத் தெரிந்ததில்லை. சரக்கோடு சரக்காக ஏற்றப்பட்டவர்களுக்குக் கலத்தின் அங்கலட்சணங்களை அறிய அவகாசம் ஏது?

1983 ஆடிக் கலவரத்தில் எங்கள் நகரத்துத் தமிழர் கடைகள் எரிந்தபின், இனி இங்கே ஜீவனமில்லை என்று தீர்மானித்த வாலிபர்களில் ஒருவனாக, மக்கள் உயர்பள்ளி மாணவன் என்ற பெயரில் நோர்வே வந்து சேர்ந்தேன். எனக்கு வெகு முன்பே, யாழ்ப்பாணத்துக் குருநகரைச் சேர்ந்த அன்ரனி ராஜேந்திரம் 1956இலேயே இந்நாட்டுக்கு வந்தவர். அவருடைய முயற்சியில் நோர்வே மக்களின் பணம் காரைநகரில் சீநோர் என்னும் படகு கட்டும் தளமாக உருவெடுத்தது. அதற்கும் முன்பே, 1952இல் ஒப்பந்தமான இந்திய-நோர்வே திட்டத்தினால் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் இயந்திரப் படகுகள் இறங்கின. எஞ்சினை வயிற்றில் சுமந்த மீன்பிடி வள்ளம் எங்கள் கடல்களுக்குச் சென்ற பாதையிலேயே நாங்கள் எதிர்த்திசையில் வந்தோம் என்று நினைப்பதில் எனக்கு இன்றளவும் ஓர் ஆறுதல் உண்டு. வடகோடிப் பிரதேசமாகிய ஃபின்மார்க்கில், போட்ஸ்ஃபியோர் என்னும் துறைமுகத்தின் மீன் ஆலையில், என்னைப் போன்ற தமிழர் பலரோடு வரிசையில் நின்று வருஷக்கணக்காகக் கொட் மீனின் முள்ளெடுத்தேன். மீனைத் தெரிந்துகொண்டேன், அதைக் கொண்டுவந்த வள்ளத்தை ஜன்னல் வழியே பார்த்ததோடு சரி.

முழங்கை நோவினால் ஆலையை விட்ட பிறகுதான், ஷார்க் என்று இந்நாட்டார் அழைக்கும் ஜாதியைச் சேர்ந்த, அறுபதுகளில் கட்டிய இருபத்தெட்டடி மரவள்ளமொன்று கரையில் தார்ப்பாய் மூடிக் கிடந்ததைச் சொற்ப விலைக்கு வாங்கினேன். மேல்தளம், ஒருவர் நிற்கச் சிற்றறை, அதனடியில் இரண்டு சிலிண்டர் ஸாப் எஞ்சின். பக்கத்துக் கிராமத்தில் படகு கட்டி ஓய்ந்த முதியவர் ஒருவர் வந்து, சிறுகத்தியின் முனையால், வள்ளத்தின் விலா எலும்புகளாகிய வங்குக்கால்களை ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்தார். நல்ல மரம் கத்தியைத் தடுத்தது. கெட்ட மரத்தில் அது ஈரமண்ணில் இறங்குவதுபோல் இறங்கிற்று. உப்புநீர் மரத்தைக் காக்குமென்றும், தளத்தின் வெடிப்பு வழியே கசிந்து தங்கும் மழைநீரே அதை அழுகச் செய்யுமென்றும் அன்றுதான் அறிந்தேன். பெயர் சொல்லியே எவரையும் அழைப்பது இந்நாட்டு வழக்கம்; நானோ அவரை மனத்துக்குள் ஆசாரியார் என்றே அழைத்து வந்தேன்.

புதிய வங்குகளை நீண்ட மரப்பெட்டியில் அடைத்து, அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் ஆவியில் வேகவைத்து, கையுறையோடு இழுத்து, ஆறுவதற்குள் பலகையின் வளைவோடு அழுத்திப் பொருத்த வேண்டும். தாமதித்தால் மரம் முறியும். ஆணியறையும் வேலைக்கு இருவர் தேவை. வெளியே ஆசாரியார் ஆணித்தலைமேல் கனத்த இரும்பை முட்டுக்கொடுத்து நிற்க, உள்ளே மல்லாந்து கிடந்து, வட்டத்தகட்டின்மேல் ஆணிமுனையை நான் அடித்து மடக்குவேன். பலகைக்கு இருபுறமும் ஒருவரையொருவர் காணாமல், அடியின் ஓசை மாறுவதைக் கொண்டே இறுகிவிட்டதென்று இருவரும் அறிவோம். அந்த அரையிருட்டில், வானம் தெரியாமல் ஓசையை மட்டும் கேட்டு வந்த அந்தப் பாட்டியாரை நான் நினைக்காத நாளில்லை.

எஞ்சினைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ஆயினும் பெர்கன் நகரில் 1925இல் தோன்றிய ஸாப் தொழிலகத்தாரின் மதிநுட்பத்தைச் சொல்லாதிருக்கவும் மனமில்லை. கியர்ப்பெட்டி கிடையாது, நீருக்கடியில் சுழலும் விசிறியின் இதழ்களே ஒரு நெம்புகோலால் திரும்பி, வள்ளத்தை முன்னும் பின்னும் செலுத்தும். கடுங்குளிரில், சிகரெட் போலச் சுருட்டிய வெடியுப்புத் தாளை எஞ்சின் தலையிலுள்ள துவாரத்தில் செருகி, கையால் சுழற்றினால் உயிர் பெறும். சிலிண்டர்களில் டீசல் ஊற்றி ஐந்து வாரம் ஊறவைத்த பிறகே எங்கள் எஞ்சினின் பிஸ்டன்கள் அசைந்தன.

2023 ஆகஸ்டில் வள்ளத்தை நீரில் இறக்கினோம். இரண்டு கோடை காய்ந்திருந்த பலகைகளின் இடுக்கெல்லாம் தண்ணீர் ஊறிப் பாய்ந்ததைக் கண்டு நான் பதறினேன். "குடிக்கட்டும். மரம் ஊதினால் தானே மூடிக்கொள்ளும்" என்றார் ஆசாரியார். மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்த இருநூறாண்டு நினைவாக ஜூலை 28இல் தலைமன்னாரில் புறப்பட்ட நடைபயணம், மூதாதையரின் அதே பாதையில் பதினாறு நாள் நடந்து, ஆகஸ்ட் 12ஆந் தேதி மாத்தளையில் நிறைவு பெற்றது. ஊரிலிருந்து தங்கச்சி கைபேசியில் காட்டிய அந்த ஜனத்திரளை, எஞ்சின் மூடியின்மேல் கைபேசியைச் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டே, வாளியால் தண்ணீரை இறைத்தேன். "அண்ணே, எங்க நிக்கிறீங்க, ஒரே இருட்டா இருக்கே?" என்று கேட்டாள். வள்ளத்துக்குள் நிற்கிறேன் என்றேன். முன்புறத்து அணியப் பலகைகள் அதற்குள் மூடிக்கொண்டுவிட்டன. அடிமரமாகிய ஏராவை ஒட்டிய இரண்டு இடுக்குகளில் மாத்திரம் நீர் வந்துகொண்டிருந்தது.