பழைய கணனியும் ஒரு போர் விமானமும்

ஆசைக்கு வயதில்லை, ஆனால் கணனிக்கு வயதுண்டு. இவ்வுண்மையைச் சென்ற பங்குனித் திங்களில் எம் இல்லத்திலேயே கண்டறிந்தோம்.

ஹட்டனுக்கு அப்பால், தேயிலை மலையொன்றின் சரிவில் அமைந்துள்ளது எம் வீடு. கொழும்பிலே பணிபுரியும் எம் மைத்துனர், தமது அலுவலகத்திற் கழித்துவிடப்பட்ட கணனியொன்றை எம் புதல்வனுக்கென அனுப்பிவைத்தார். ‘கோர் 2 டுவோ’ செயலி, 2 கிகாபைட் நினைவகம். தனி வரைகலை அட்டை கிடையாது. உயர்தரப் பரீட்சைக்குப் பௌதிகம் படிக்கும் பையனுக்கு அது போதும் என்றே எண்ணினோம். அவனோ அதிற் போர் விமானம் ஓட்டவேண்டும் என்றான். அந்த ஆசையை அவன் உள்ளத்தில் விதைத்தவர் யாமே.

எம் பாட்டனார் அடிக்கடி கூறிய கதையொன்று உண்டு. கொழும்பிலே குண்டு விழுந்த கதை. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள், கொக்கலை வாவியிலிருந்து புறப்பட்ட கற்றலினா விமானமொன்று, இலங்கையை நோக்கி வரும் ஜப்பானியக் கடற்படையை நடுக்கடலிற் கண்டது. அதனைச் செலுத்தியவர் லெனாட் பேர்ச்சல் என்னும் கனேடிய வீரர். செய்தியை வானொலியில் அனுப்பிக்கொண்டிருக்கையிலேயே அவரது விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அவரும் தப்பியோரும் சிறைப்பட்டனர். மறுநாள் உயிர்த்த ஞாயிறு. நகுமோ என்னும் தளபதியின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கின. இரத்மலானையிலிருந்தும் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் ஹரிக்கேன் விமானங்கள் மேலெழுந்து போரிட்டன. நகரைவிட்டு மக்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறினர். நான்கு நாட்களின் பின் திருகோணமலையும் தாக்குண்டது. ‘ஹேர்மிஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கிற்று. இக்கதையை யாம் ஒரு மழைநாளில் மகனுக்குச் சொன்னோம். “அப்பா, அந்த ஹரிக்கேனை நான் ஓட்டிப் பார்க்க வேண்டும்” என்றான் அவன்.

விமானம் ஓட்டும் அநுபவத்தைத் திரையிலே தரும் செயலிக்குச் ‘சிமுலேட்டர்’ என்று பெயர். அவற்றிற் சிறந்ததைத் தேடுவது எளிது. எம் கணனி தாங்கக்கூடியதைத் தேடுவதே அரிது. முதலில் அவன் விரும்பியது ‘டீ.சீ.எஸ். வேர்ல்ட்’. ஆனால் அது கேட்கும் நினைவகத்தையும் வட்டிலே அது விழுங்கும் இடத்தையும் பார்த்த மாத்திரத்திலேயே கைவிட்டோம். தொழிற்சாலை லொறியை மாட்டு வண்டியில் ஏற்ற முடியுமோ? ஜப்பானியரான சோஜி யமகாவா ஆக்கிய ‘வை.எஸ். ஃபிளைட்’ இலவசமானது, மிகச் சிறியது, எந்தப் பழங் கணனியிலும் ஓடும். எனினும் அதன் மலையும் வயலும் சிறுபிள்ளை வெட்டி ஒட்டிய வண்ணக் கடதாசிபோலிருந்தன. 1998இல் மைக்ரோசொஃப்ட் வெளியிட்ட ‘கொம்பாற் ஃபிளைட் சிமுலேட்டர்’ ஹரிக்கேன் உடையதுதான். ஆயின் ஜப்பானிய விமானங்கள் அதில் இல்லை. 2000ஆம் ஆண்டில் வந்த அதன் இரண்டாம் பாகம் பசிபிக் போரைக் காட்டுவது. அங்கே ஹரிக்கேன் இல்லை.

இறுதியிற் கைகொடுத்தது ‘ஐ.எல்.-2 ஸ்ற்றேர்மோவிக் 1946’. ரஷ்யரான ஒலெக் மடொக்ஸின் குழுவினர் 2001இல் முதற்பாகத்தை வெளியிட்டு, பின்வந்த பாகங்களையெல்லாம் 2006இல் ஒன்றாகத் தொகுத்தனர். ஹரிக்கேனும் உண்டு, ஜப்பானியரின் ஸீரோவும் உண்டு. செயலியின் ஒரு கருவையே அது பெரிதும் நம்புவதால், பல கருக்கள் கொண்ட புதுக் கணனி தேவையில்லை. திரையின் நுணுக்கத்தைக் குறைத்து, நிலக்காட்சியின் தரத்தைச் சற்றுத் தாழ்த்தி, ஒரே வேளையிற் பறக்கும் விமானங்களின் தொகையையும் மட்டுப்படுத்தினால், எம் கணனியிலும் அது தங்குதடையின்றி ஓடிற்று. விலையும் அற்பமே. பழங் கணனி வைத்திருக்கும் மாணவர்களுக்கு யாம் கூறக்கூடியது இதுதான்: கணனியின் வயதறிந்து, அவ்வயதையொத்த விளையாட்டைத் தேடுங்கள்.

பையனுக்குப் பௌதிகமும் விளங்கத் தொடங்கியது. வேகம் குறைந்தால் இறக்கைகள் ஏந்துவலுவை இழக்கும். மூக்கை மிகத் தூக்கினால் விமானம் குப்புற விழும். இலேசான ஸீரோவுடன் ஹரிக்கேன் வட்டமிட்டுச் சண்டையிடலாகாது. உயரத்திலிருந்து பாய்ந்து தாக்கி விலகவேண்டும். புத்தகத்திற் படித்த நிலைப்பண்புச் சக்தியும் இயக்கப்பண்புச் சக்தியும் கண்முன்னே ஒன்று மற்றொன்றாக மாறின.

அவ்வேளையிலேதான் சித்திரைப் புத்தாண்டுக்குச் சின்னம்மா வந்தார். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் இம்மலைகளை விட்டுக் கிளிநொச்சிப் பக்கம் குடியேறிய குடும்பங்களுள் அவரது குடும்பமும் ஒன்று. மலையில் அஞ்சி வன்னிக்குச் சென்றவர்களை, அங்கே 2009 வரை போர் துரத்தியது.

வந்த மறுநாள் மாலை அவர் அடுக்களையில் மாவரித்துக் கொண்டிருந்தார். முன்னறையிலே கணனியின் ஒலிபெருக்கியிலிருந்து விமானமொன்று கீழ்நோக்கிப் பாயும் ஓசை வீடெங்கும் நிறைந்தது. அரிதட்டு உருண்டது. யாம் ஓடிச்சென்று பார்த்தபோது, சின்னம்மா சுவரோரத்திற் குந்தியிருந்து இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டிருந்தார். மா முழுவதும் தரையிற் சிந்தியிருந்தது.

பையன் கணனியை நிறுத்திவிட்டு வந்து அவர் அருகில் அமர்ந்தான். “அம்மாயி, அதை அழித்துவிடுகிறேன்” என்றான். அவன் குரல் தழுதழுத்தது. அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “கிபிர் வரும்போது இப்படித்தான் இருக்கும் தம்பி. சத்தம் கேட்டதும் பதுங்குகுழிக்கு ஓடவேண்டும்” என்றார். பேசாமல் மாவைக் கூட்டி அள்ளினார்.

அன்றிரவு அவரே கணனியின் முன்னே வந்து நின்றார். “அழிக்க வேண்டாம். சத்தத்தை மட்டும் நிறுத்திவிட்டு, மேலே இருக்கிறவனுக்கு என்ன தெரியும் என்று எனக்குக் காட்டு” என்றார். பையன் விமானத்தை உயர்த்தி ஓர் ஊரின் மேலாகச் செலுத்தினான். வீடுகள் தீப்பெட்டிகளாயின; பின்னர் புள்ளிகளாயின. பாதைகள் நூல்களாயின. மனிதர் எவரும் தென்படவில்லை. சின்னம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உற்று நோக்கினார்.

“இவ்வளவு சிறிதாகவா நாங்கள் தெரிந்திருப்போம்?” என்று கேட்டார்.

அவனிடம் விடை இல்லை, எம்மிடமும் இல்லை. 1942ஆம் ஆண்டின் கதையை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். கப்பல்களைப் பற்றியும் விமானங்களைப் பற்றியும் சொன்னோமேயன்றி, அந்த ஞாயிறன்று கீழே நின்றவர்கள் எங்கே ஓடினார்கள் என்று ஒருபோதும் சொன்னதில்லை. எம் பாட்டனார் சொல்லியிருக்கலாம். யாம் செவிமடுக்கவில்லை போலும்.

அந்த விளையாட்டு இன்னும் எம் கணனியில் இருக்கின்றது. இப்பொழுது பையன் காதிற் கேட்பான் அணிந்தே ஓட்டுகிறான். குண்டுவீசும் பயணங்களை விடுத்து, பேர்ச்சலைப் போலக் கடலின்மேல் வேவு பார்க்கப் பறக்கும் பயணமொன்றைத் தானே ஆக்கியிருக்கிறான். சின்னம்மா கிளிநொச்சிக்குத் திரும்பிய பின்னரும் தொலைபேசியில் அவனை விசாரிப்பார். “இன்றைக்கு எவ்வளவு தூரம் பறந்தாய்?” என்பது அவரது முதற் கேள்வி. “பத்திரமாக இறங்கினாயா?” என்பது அடுத்தது.