பல்லில் தொங்கும் பறி

பழவேற்காடு ஏரிக்கு வர்றவங்க எல்லாரும் பூநாரையைத்தான் தேடுவீங்க. கொஞ்சம் தள்ளிப் பாருங்க: இருளர் பெண்கள் தண்ணிக்குள்ள குனிஞ்சு, சேத்தைத் தடவி இறால் பிடிச்சுக்கிட்டு இருப்பாங்க. வலை கிடையாது. ரெண்டு கையும் சேத்துல இருக்கறதால, பிடிச்ச இறாலைப் போடுற ஓலைப்பறியைப் பல்லால கடிச்சிருப்பாங்க.

என்னை மாதிரி விவசாயிக்கு இது நாத்து நடவு மாதிரிதான் தெரியும். ஆனா நடவுல தாடைக்கு வேலையில்லை. தாடை மூட்டு கதவுக் கீல் மாதிரி திறந்து மூடும், முன்னால வழுக்கியும் நகரும். மெல்லுறதுக்கும் பேசுறதுக்கும் அமைஞ்ச மூட்டு அது. மணிக்கணக்கா பறியைத் தூக்கிப் பிடிக்க இல்லை.

முழங்கால்ல எலும்பும் எலும்பும் உரசாம வழவழப்பான குருத்தெலும்பு காக்குது. அதுக்கு நரம்பும் இல்லை, ரத்தக்குழாயும் இல்லை. அதனால தேய ஆரம்பிக்கிறப்போ வலி தெரியாது. தேஞ்சது பழையபடி வளர்றதும் இல்லை. வலி வர்றதுக்குள்ள தேய்மானம் ரொம்ப தூரம் போயிருக்கும்.

நடவு மெஷின் வந்து எங்க பக்கத்துப் பெண்களோட இடுப்புக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைச்சுது. தடவிப் பிடிக்கிறவங்களுக்கு அப்படி எதுவும் வரல. முட்டி வலின்னு கரையில உட்கார்ந்தா அன்னைக்குக் கூலி இல்லை. இறாலுக்குப் பேரம் பேசுறப்போ இதையும் கணக்குல வச்சுக்கோங்க.